நூற்றுக்கணக்கான புரதங்களை அளக்கும் இரத்தப் பரிசோதனை அம்மாவுக்குத் தேவையா?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 51. ஹட்டனுக்கு அருகே ஒரு தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறார். ஓராண்டாகக் கடும் களைப்பு. காலையில் எழுந்தால் விரல்களை மடக்க முடியவில்லை, விரல் மூட்டுகள் வீங்கியிருக்கின்றன. பாட்டி வாய்ப் புற்றுநோயில் இறந்தவர் என்பதால் அம்மாவுக்கு அந்தப் பயமும் உண்டு. கட்டாரில் வேலை செய்யும் அண்ணன் ஒரு விளம்பரத்தை அனுப்பியிருக்கிறார். ‘ஆன்டிபாடி அரே’ என்ற முறையில் கொஞ்சம் இரத்தத்தை வைத்து 300 புரதங்களை அளந்து, எல்லா நோயையும் முன்கூட்டியே சொல்வார்களாம். கொழும்பில் ஒரு முகவர் இரத்தம் எடுத்து வெளிநாட்டுக்கு அனுப்புவார். கடன் வாங்கியாவது செய்துவிடலாம் என்கிறார் அண்ணன். செய்யலாமா?

பதில்: சகோதரி, வேண்டாம். அதற்காகக் கடன் வாங்கவே வேண்டாம் என்று அண்ணனிடம் சொல்லுங்கள். அம்மாவின் விரல்கள் ஓராண்டாகச் சொல்லிவரும் செய்தியைப் புரிந்துகொள்ள மிக எளிய பரிசோதனைகள் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை அரச வைத்தியசாலையில் காசில்லாமல் கிடைப்பவை. அவை இன்னும் செய்யப்படவில்லை என்பதுதான் உங்கள் கடிதத்தில் என்னைக் கலங்க வைத்தது.

அதே நேரம், அண்ணன் காட்டிய தொழில்நுட்பம் பொய் அல்ல. ஆன்டிபாடி, அதாவது பிறபொருளெதிரி என்பது நம் நோயெதிர்ப்புத் தொகுதி உண்டாக்கும் புரதம். தனக்குரிய வடிவத்தை இனங்கண்டு பற்றிக்கொள்ளும். 1975இல் கோலர், மில்ஸ்டைன் என்ற இரு விஞ்ஞானிகள் ஒரே வகைப் பிறபொருளெதிரியை வேண்டிய அளவு உற்பத்தி செய்ய வழி கண்டார்கள். அதற்கு முன்பே, 1971இல் சுவீடனில், பிறபொருளெதிரியைக் கொண்டு ஒரு பொருளை அளக்கும் எலைசா முறை பிறந்துவிட்டது. டெங்குக் காய்ச்சலுக்குச் செய்கிற என்.எஸ்.1 பரிசோதனையிலும் வைரஸின் ஒரு புரதத்தைப் பிறபொருளெதிரிதான் பிடித்துக்கொடுக்கிறது.

அரே முறையில் ஒன்றுக்குப் பதிலாகப் பல. சிறு கண்ணாடித் தகட்டில் நுண்ணிய புள்ளிகளாக வெவ்வேறு பிறபொருளெதிரிகளை ஒட்டிவைக்கிறார்கள். அதன்மேல் இரத்தத்தின் தெளிந்த பகுதியை ஊற்றினால், ஒவ்வொரு புள்ளியும் தன் புரதத்தைப் பிடித்துக்கொள்ளும். மற்றதைக் கழுவிவிட்டு, ஒளிரும் அடையாளம் சேர்த்த இரண்டாவது பிறபொருளெதிரியை விடுவார்கள். அது பிடிபட்ட புரதத்தின் மறுபக்கத்தில் ஒட்டும். பிறகு கருவி ஒவ்வொரு புள்ளியின் ஒளியையும் படிக்கும். இன்னொரு வகையில், இரத்தத்திலுள்ள எல்லாப் புரதங்களுக்கும் முதலிலேயே அடையாளம் ஒட்டிவிடுவார்கள். அதில் ஆயிரத்துக்கும் மேல் அளக்கலாம். ஆனால் தவறான புரதம் ஒட்டிக்கொண்டால் அதைக் கண்டுபிடிக்க இரண்டாவது காவல் அங்கே இல்லை.

சிக்கல் இரத்தத்திலேயே தொடங்குகிறது. ஒரு லீற்றர் இரத்தத் தெளிவில் அல்புமின் என்ற புரதம் மட்டும் 35 முதல் 50 கிராம் வரை இருக்கும். அழற்சியைக் காட்டும் இன்டர்லூக்கின்-6 என்ற புரதம் நலமான ஒருவரிடம் ஒரு மில்லிலீற்றருக்குச் சில பிக்கோகிராம்தான் (பிக்கோகிராம் என்பது ஒரு கிராமின் இலட்சம் கோடியில் ஒரு பங்கு). இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ ஆயிரம் கோடி மடங்கு வித்தியாசம். கொழுந்துச் சாக்கை நிறுக்கும் தராசில் மூக்குத்திக் கல்லையும் சேர்த்து நிறுக்கச் சொல்வது போன்ற வேலை இது. அதனால் பல அரேக்கள் ஒரு புரதம் கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா என்பதை மட்டுமே சொல்கின்றன. எவ்வளவு என்பதைத் திட்டமாகச் சொல்வதில்லை.

இரத்தத்தைக் கையாளும் விதமும் முக்கியம். இரத்தம் உறையும்போது குருதிச் சிறுதட்டுகள் தம்முள் இருக்கும் புரதங்களை வெளியே விடுகின்றன. தெளிவைப் பிரிக்கத் தாமதமானாலும், செங்குழியங்கள் உடைந்தாலும், உறையவைத்த மாதிரி வழியில் உருகி மீண்டும் உறைந்தாலும் அளவுகள் மாறும். கொழும்பில் எடுத்து விமானத்தில் போகும் மாதிரி எந்த நிலையில் போய்ச் சேரும் என்பதை முகவர் உங்களுக்கு எழுதித் தருவாரா?

உங்கள் அம்மாவைப் பொறுத்தவரை இன்னொரு காரணமும் இருக்கிறது. முடக்குவாதம் உள்ள பலரிடம் காணப்படும் ருமட்டாய்டு காரணி அவருடைய இரத்தத்தில் இருக்கக்கூடும். அதுவும் ஒரு பிறபொருளெதிரிதான். மற்றப் பிறபொருளெதிரிகளையே பிடிப்பது. தகட்டில் ஒட்டியிருக்கும் முதலாவதையும், பின்னால் வரும் இரண்டாவதையும் அது பாலம்போல் இணைத்துவிட்டால், புரதமே இல்லாத புள்ளிகூட ஒளிரும். ஆய்வுகூடங்கள் இதற்குத் தடுப்புப் பொருள்கள் சேர்க்கின்றன என்றாலும் அது முற்றாக ஒழிவதில்லை.

இத்தனையும் சரியாக நடந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். ஒரு புரதத்தின் ‘சாதாரண அளவு’ என்பது வழக்கமாக நலமானவர்களில் 95 சதவீதத்தினரை உள்ளடக்கும் எல்லை. அப்படியென்றால் 300 புரதங்களை அளந்தால், எந்த நோயும் இல்லாத ஒருவருக்கே சராசரியாக 15 புரதங்கள் எல்லைக்கு வெளியே நிற்கும். சிவப்பு எழுத்தில் 15 வரிகள் கொண்ட ஒரு தாளை அம்மாவின் கையில் கொடுத்தால் அவர் எப்படித் தூங்குவார்? அந்தப் பயத்தில் இன்னும் எத்தனை ஸ்கேன்கள், எவ்வளவு கடன்! அமெரிக்காவில் 2008இல் ஆறு புரதங்களை வைத்துச் சூலகப் புற்றுநோயை முன்கூட்டிச் சொல்வதாக ஒரு பரிசோதனை சந்தைக்கு வந்தது. அரசு நிறுவனம் கேள்வி எழுப்பியதும் சில மாதங்களிலேயே அதைத் திரும்பப் பெற்றார்கள். மறு ஆண்டு அனுமதி பெற்ற ஐந்து புரதப் பரிசோதனையும், சூலகத்தில் கட்டி இருப்பது தெரிந்து சத்திரசிகிச்சைக்குத் தயாராகும் பெண்களுக்கு மட்டுமே உரியது.

ஆராய்ச்சியில் இம்முறைக்குப் பெரும் மதிப்பு உண்டு. நோயுள்ள பலரையும் இல்லாத பலரையும் ஒப்பிட்டு, எந்தப் புரதத்தைத் தொடர்ந்து ஆராயலாம் என்று அது காட்டும். பிரிட்டனில் பிறபொருளெதிரிகளையே பயன்படுத்தும் வேறொரு முறையால் 54,000க்கும் மேற்பட்டோரின் இரத்தத்தில் ஏறத்தாழ 3,000 புரதங்களை அளந்து 2023இல் வெளியிட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் வெள்ளையர். நம் மலையகப் பெண்களின் இரத்தம் இத்தகைய ஆய்வுகளில் இடம்பெற வேண்டும் என்பது என் விருப்பம். நெறிமுறைக் குழுவின் அனுமதியோடு, தமிழில் விளக்கி, சம்மதம் கேட்டு, பணம் வாங்காமல் யாராவது வந்தால் தாராளமாகக் கொடுக்கலாம்.

இனி அம்மாவின் விடயம். காலை விறைப்பு எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்று கவனியுங்கள். ஒரு மணி நேரத்துக்குக் கிட்ட நீடித்து, இரு கைகளிலும் விரல் மூட்டுகள் வீங்கியிருந்தால் முடக்குவாதமாக இருக்கலாம். அது மூட்டை அரிக்கும் நோய். தொடக்கத்திலேயே மருந்து கொடுத்தால் விரல்களைக் காப்பாற்ற முடியும். தேய்ந்த மூட்டை மருந்தால் மீட்க முடியாது. கொழுந்து பறிக்கும் கைகளுக்கு இதைவிட அவசரமானது வேறில்லை.

டிக்கோயா ஆதார வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். முழுக் குருதிக் கணிப்பு, அழற்சியைக் காட்டும் ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி., ருமட்டாய்டு காரணி, தைரொயிட்டுக்கான டி.எஸ்.எச்., சீனி, சிறுநீரகத்துக்கான கிரியேட்டினின் ஆகியவை செய்ய முடியுமா என்று கேளுங்கள். ஈமோகுளோபின், சி.ஆர்.பி., ருமட்டாய்டு காரணி எல்லாமே புரதங்கள்தான். இந்த ஒருசிலவற்றைச் சரியாக அளந்து, அம்மாவின் கையைப் பிடித்துப் பார்க்கும் ஒரு வைத்தியர் படித்தால் போதும். தேவையென்றால் நுவரெலியாவுக்கோ கண்டிக்கோ கடிதம் தருவார்கள். முடக்குவாதத்தை இனங்காண உதவும் ஆன்டி சி.சி.பி. போன்ற ஒன்றிரண்டைத் தனியார் ஆய்வுகூடத்தில் செய்யச் சொல்லலாம். அண்ணனின் பணம் அதற்கு உதவட்டும்.

ஈமோகுளோபின் 12க்குக் கீழே இருந்தால் களைப்புக்கு அதுவே காரணமாகலாம். சாப்பாட்டோடு சாயத் தண்ணீர் குடிக்கும் பழக்கம் நம் வீடுகளில் ஊறிப்போனது. தேயிலை, உணவிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வதைப் பெரிதும் குறைக்கிறது. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்போ பின்போ குடிக்கட்டும். மாதவிடாயில் அதிக இரத்தம் போகிறதா, வயிற்றுப் பூச்சிக்கான மருந்து எப்போது குடித்தார் என்பதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள். மலம் கறுத்துப் போனாலோ, உடல் மெலிந்தாலோ கட்டாயம் சொல்ல வேண்டும்.

புற்றுநோய்ப் பயத்துக்கு வருகிறேன். அம்மா வெற்றிலை, பாக்கு, புகையிலை போடுகிறாரா? போட்டால் இன்றே விடச் சொல்லுங்கள். வெளிச்சத்தில் வாயைத் திறக்கச் சொல்லி, கன்னத்தின் உட்புறம், நாக்கின் ஓரம், நாக்கின் அடி எல்லாம் பாருங்கள். வெள்ளை அல்லது சிவப்புப் படை, இரண்டு வாரமாகியும் ஆறாத புண், வாயை முழுதாகத் திறக்க முடியாமை, இவற்றில் ஏதேனும் இருந்தால் பல் வைத்தியரிடம் காட்டுங்கள். எதுவும் தெரியாவிட்டாலும் ஒருமுறை காட்டிவிடுங்கள். பாட்டியின் நோயைச் சொன்னால் அவரும் கவனமாகப் பார்ப்பார்.

வருகைப் பதிவில் ஒருநாள் பெயர் விழாவிட்டால் சம்பளம் போகுமே என்று அம்மா தயங்கக்கூடும். வைத்தியசாலைக்குப் போகும் நாள்களின் சம்பளத்தையும் பஸ் காசையும் அனுப்பும்படி அண்ணனிடம் கேளுங்கள். ஒரு மூட்டு மட்டும் திடீரெனச் சிவந்து சூடாகி, காய்ச்சலும் வந்தால் கிளினிக் நாளுக்குக் காத்திராமல் அன்றே கொண்டுபோங்கள்.