கட்டிலைத் துளைத்தது எந்த வண்டு?

கேள்வி: புதுக் கட்டிலின் சட்டத்தில் பொடித் துளைகள், கீழே மாவு போலத் தூள். அதே வாரம் ஆறு வெள்ளைப் புள்ளிகளுடன் ஒரு பெரிய கருவண்டு கூடத்தில் ஓடியது. பூச்சிமருந்து அடிப்பவர் அதைக் காட்டி, "இதுதான் தின்கிறது" என்று வீடு முழுக்க மருந்தடிக்க 14,000 ரூபாய் கேட்கிறார். – மதுரை வாசகி

பதில்: ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். நீங்கள் பார்த்தது தரைவண்டு. காட்டிலும் புதர்களிலும் மண்மேல் ஓடிப் பிற பூச்சிகளை வேட்டையாடுவது, மரத்தைத் தின்னாது. ஏறக்குறைய 4 செ.மீ. நீளமுள்ள உடம்பு 1, 2 மி.மீ. துளையில் எப்படி நுழையும் என்று அவரைக் கேட்டிருக்கலாமே! கையால் மட்டும் தொடாதீர்கள். அமிலத்தைப் பீய்ச்சும், கண்ணில் பட்டால் எரியும். முறத்தில் தள்ளித் தோட்டத்தில் விடுங்கள்.

உங்கள் கட்டிலை உளுக்கச் செய்வது அரிசிமணி அளவுள்ள பழுப்பு வண்டு. அதன் புழு மாதக்கணக்கில் மரத்துக்குள்ளேயே மாவுச்சத்தைத் தின்று வளரும். துளை என்பது வளர்ந்த வண்டு வெளியேறிய வழி. தரையில் அடிக்கும் மருந்து உள்ளே இருக்கும் புழுவை எட்டாது. தூளைத் துடைத்துவிட்டுக் கறுப்புத் தாள் விரித்து வையுங்கள். சில வாரங்களில் மறுபடி மாவு கொட்டினால் கடைக்காரரைப் பிடியுங்கள்.

கேள்வி: தேக்கு என்று சொல்லி விற்ற அலமாரியும் எட்டே மாதத்தில் உளுக்குமா? – திருச்சி

பதில்: தேக்கின் வைரம், அதாவது நடுவில் முற்றிய கட்டை, எளிதில் உளுக்காது. வைரத்தைச் சுற்றியுள்ள வெளிர் பகுதி உளுக்கும். அதற்குச் சாயமேற்றி 'அசல் தேக்கு' என்று விற்பதுதான் இந்தத் தொழிலில் நடக்கும் பெரிய அநியாயம். மேலே பூசிய வார்னிஷ் புதிதாக முட்டையிடுவதைத் தடுக்கலாம். முன்பே உள்ளே இருக்கும் புழு அதையும் துளைத்துக்கொண்டுதான் வெளியே வரும். நான் வாங்கிய ரப்பர் மரச் சாப்பாட்டு மேசையும் இப்படித்தான் மாவரைத்தது. போராக்ஸ், போரிக் அமிலக் கரைசல் ஏற்றிப் பதப்படுத்தியதா என்று கேட்டதற்கு, "எல்லாம் கம்பெனியிலேயே செய்துவிட்டார்கள்" என்றார் விற்பனையாளர். பில்லில் ஒரு வரிகூட இல்லை. எந்த மரம், வைரமா, பதப்படுத்தியதா என்பதைப் பில்லில் எழுதி வாங்குங்கள். எழுத மறுத்தால் வேறு கடைக்குப் போங்கள்.

உங்கள் மீது தவறில்லை. துளைகளைத் தேதியுடன் படமெடுத்து, கடைக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். மசியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணம் கிடையாது.

கேள்வி: உளுத்த ஊஞ்சல் பலகை பாதி விலைக்குக் கிடைக்கிறது. எண்ணெய் பூசினால் சரியாகுமா? – காரைக்குடி

பதில்: ஆகாது.

கேள்வி: கண்காட்சியில் பில் வாங்காமல் ரொக்கம் கொடுத்து நாற்காலிகள் வாங்கினேன். விற்றவர் பெயர் தெரியாது. யார் மீது வழக்குப் போடுவது? – சேலம்

பதில்: அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.