கட்சிமாறியும் கட்சிக்காரரும்

கேள்வி: 2025 பெப்ரவரியில் ஒன்ராறியோ மாகாணத் தேர்தலில் கன்சர்வேட்டிவ் டக் ஃபோர்டுக்கு வாக்குப் போட்ட அதே சனம், ஏப்ரலில் கூட்டாட்சித் தேர்தலில் லிபரல் மார்க் கார்னிக்குப் போட்டது. இரண்டே மாதத்தில் தாவுகிற இந்தக் கட்சிமாறிகளை வைத்துக்கொண்டு நம் சமூகம் கனடிய அரசியலில் எப்படித் தலையெடுக்கும்?
(வாசகர், ஸ்காபரோ)

பதில்: அந்தக் 'கட்சிமாறி'யை முதலில் கீழே வையுங்கள். தமிழில் கட்சிக்காரர் என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். கொடி பிடிப்பவரும் கட்சிக்காரர். வழக்கறிஞரிடம் வழக்கை ஒப்படைத்தவரும் கட்சிக்காரர். நீங்கள் வாக்காளரிடம் முதல் பொருளை எதிர்பார்க்கிறீர்கள். அவர் இரண்டாவது பொருளில் நடந்திருக்கிறார். காணி வழக்கை ஒருவரிடமும் விபத்து நட்டஈட்டு வழக்கை வேறொருவரிடமும் கொடுப்பவரை யாரும் ஏசுவதில்லை. வழக்கும் வேறு, மன்றும் வேறு. குடும்ப வைத்தியர், பள்ளிக்கூடம், வாடகைச் சட்டம், 401 நெடுஞ்சாலை, சாரதி அனுமதிப்பத்திரம் எல்லாம் குயின்ஸ் பார்க் வழக்கு, அதாவது ஒன்ராறியோ மாகாண அரசின் வழக்கு. அமெரிக்காவோடு வரிச் சண்டை, குடிவரவு, கடவுச்சீட்டு, முதியோர் ஓய்வூதியம் எல்லாம் ஒட்டாவா வழக்கு, அதாவது கூட்டாட்சி அரசின் வழக்கு. இரண்டையும் ஒரே ஆள்தான் வாதாட வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை.

'அதே சனம்' என்பதும் சரியான கணக்கில்லை. பெப்ரவரி 27 மாகாணத் தேர்தலில் வாக்களிக்கத் தகுதியுள்ளவர்களில் ஏறக்குறைய 45% பேரே வந்தார்கள். சரியாக அறுபதாம் நாள், ஏப்ரல் 28 கூட்டாட்சித் தேர்தலில், நாடு முழுவதும் ஏறக்குறைய 69% பேர் வந்தார்கள். அந்த இடைவெளியில் நிற்கிறவர்கள் மாறியவர்கள் இல்லை, பெப்ரவரியில் வீட்டிலிருந்தவர்கள். உங்கள் கோபத்தை அவர்கள் பக்கம் திருப்புங்கள், நானும் கூட வருகிறேன்.

ஒன்ராறியோவுக்கு இது புதிய பழக்கமும் இல்லை. 1997 கூட்டாட்சித் தேர்தலில் இந்த மாகாணத்தின் 103 ஆசனங்களில் 101ஐ ஜோன் கிரெட்சியனின் லிபரல் கட்சிக்குக் கொடுத்தது. அப்போது குயின்ஸ் பார்க்கில் ஆட்சியில் இருந்தவர் மைக் ஹாரிஸ், முற்போக்குக் கன்சர்வேட்டிவ். 1999இல் அவரையே மறுபடி முதல்வராக்கியது, 2000இல் கிரெட்சியனுக்கே மறுபடி 100 ஆசனம் கொடுத்தது.

மாறியது யார் என்று பார்க்கப் போனால், பெயர்ப்பலகைகள்தான் அதிகம் மாறியிருக்கின்றன. 'முற்போக்கு' என்ற ஒட்டு எப்படி வந்தது? 1942இல் கூட்டாட்சி கன்சர்வேட்டிவ்களுக்குத் தலைவர் தேவைப்பட்டது. மனிடோபா முதல்வர் ஜோன் பிராக்கனை அழைத்தார்கள். அவர் முற்போக்குக் கட்சிப் பாரம்பரியத்தில் வந்தவர்; பெயருக்கு முன்னால் 'முற்போக்கு' சேர்த்தால் வருகிறேன் என்றார். சேர்த்தார்கள். 2003இல் அந்தக் கட்சி 'கனடியக் கூட்டணி' என்ற இன்னொரு கட்சியோடு இணைந்தபோது ஒட்டை உதறிவிட்டார்கள். ஒன்ராறியோக் கட்சி உதறவில்லை. அதனால் ஃபோர்டின் மாகாணக் கட்சியும் பொலியெவின் கூட்டாட்சி கன்சர்வேட்டிவ் கட்சியும் இன்று தனித்தனி யாப்பு, தனித்தனி அங்கத்துவம், தனித்தனிக் கணக்குப்புத்தகம் உள்ள இரண்டு கட்சிகள். ஏப்ரலில் ஃபோர்டு பொலியெவுக்காக மேடை ஏறவில்லை. ஃபோர்டின் தேர்தலை நடத்திய கோரி டெனைக், கூட்டாட்சி கன்சர்வேட்டிவ் பிரசாரத்தைப் பிரசாரம் நடந்துகொண்டிருக்கும்போதே வெளிப்படையாகக் கண்டித்தார். தலைமையே இப்படி இருக்க, வாக்காளர் மட்டும் இரண்டையும் ஒன்றென்று எண்ணவேண்டுமா?

மற்ற மாகாணங்களுக்கும் ஒரு சுற்றுப் போய் வாருங்கள். பிரிட்டிஷ் கொலம்பியாவில் லிபரல் என்ற பெயரில் ஆண்ட கட்சி, கூட்டாட்சி லிபரலும் கன்சர்வேட்டிவும் என்டிபிக்கு (புதிய ஜனநாயகக் கட்சி) எதிராகச் சேர்ந்து கட்டிய கூடாரம். 2023இல் 'பிசி யுனைட்டட்' என்று பெயரை மாற்றியது. 2024 தேர்தலுக்கு முன்பே கடையைச் சாத்தியது. ஜோன் ஷாரே கூட்டாட்சி முற்போக்குக் கன்சர்வேட்டிவ் தலைவராக இருந்து, கியூபெக் லிபரல் கட்சியின் தலைவராகி, முதல்வராகி, 2022இல் மீண்டும் கூட்டாட்சி கன்சர்வேட்டிவ் தலைமைக்குப் போட்டியிட்டார். டொம் மல்கேர் கியூபெக்கில் லிபரல் அமைச்சர், ஒட்டாவாவில் என்டிபி தலைவர். பொப் ரே ஒன்ராறியோவில் என்டிபி முதல்வர், ஒட்டாவாவில் லிபரல் கட்சியின் இடைக்காலத் தலைவர். என்டிபியில் மாகாணத்தில் அங்கத்தவரானால் கூட்டாட்சிக் கட்சியிலும் அங்கத்தவர் என்ற பொது வழக்கம் இருந்தது. 2025இல் அல்பேர்ட்டா என்டிபி அந்தக் கட்டாயத்தையும் எடுத்துவிட்டது.

சமூகம் தலையெடுப்பதைப் பற்றிக் கேட்டீர்கள். 2011இல் முதல் தமிழ் எம்.பி.யாகப் போன ராதிகா சிற்சபைஈசன் என்டிபி. கரி ஆனந்தசங்கரி லிபரல். குயின்ஸ் பார்க்கில் விஜய் தணிகாசலமும் லோகன் கணபதியும் முற்போக்குக் கன்சர்வேட்டிவ். 2016இல் தமிழ் மரபுத் திங்கள் தீர்மானம் லிபரல் உறுப்பினர் கையால் ஒட்டாவாவில் நிறைவேறியது. 2021இல் தமிழினப்படுகொலை கல்வி வாரச் சட்டம் ஃபோர்டின் கட்சி உறுப்பினர் கையால் இங்கே நிறைவேறியது. எல்லோரும் ஒரே கட்சிக்குள் அடைந்து கிடந்திருந்தால் இவற்றில் ஒன்றுதான் கிடைத்திருக்கும்.

தலையெடுக்கும் இடம் வேறு. நியமனக் கூட்டம், அதாவது தொகுதிக்குக் கட்சியின் வேட்பாளரை அங்கத்தவர்கள் தெரிவுசெய்யும் கூட்டம். நான் இதைச் சொல்லிச் சொல்லி அலுத்தவனில்லை. ஒரு கட்சிக்குக் கோட்டையான தொகுதியில் உண்மையான தேர்தல் அங்கேதான் நடக்கிறது. சில நூறு பேர், மிஞ்சினால் சில ஆயிரம் பேர் முடிவு செய்கிறார்கள். கூட்டாட்சி லிபரல், கன்சர்வேட்டிவ் இரண்டிலும் 14 வயது நிறைந்திருந்தால் போதும். குடியுரிமை வேண்டியதில்லை, நிரந்தர வதிவாளருக்கும் வாக்கு உண்டு. பொதுத்தேர்தலில் வாக்கில்லாத நம்முடைய பிள்ளைகளும் புதிதாக வந்தவர்களும் இங்கே வாக்களிக்கலாம். லிபரலில் பதிவு இலவசம். கன்சர்வேட்டிவ் அங்கத்துவம் ஆண்டுக்கு 15 டொலர்.

எங்கே பிழைக்கிறது? அங்கத்துவம் எடுக்கக் கடைசி நாள் என்று ஒன்று உண்டு. கூட்ட நாள் அறிவித்த பிறகு எடுக்கப் போனால் அநேகமாக அது கடந்திருக்கும். படிவத்தில் ஒரு விலாசம், அடையாள அட்டையில் பழைய விலாசம் என்றால் வாசலிலேயே நிறுத்துவார்கள். கட்டணத்தை வேட்பாளரின் ஆட்கள் கட்டிவிடுவது விதிமீறல், உங்கள் பணத்தில் நீங்களே கட்டவேண்டும். தேர்தல் திடீரென்று வந்தால் கூட்டமே நடக்காது, தலைமையகம் ஆளை நியமித்துவிடும். நடந்தாலும் கட்சி அதிகாரம் கொடுத்தவரின் ஒப்புதல் இல்லாமல் யாரும் கட்சி வேட்பாளராக முடியாது. இத்தனை ஓட்டை உள்ள கதவு இது. வெளிநாட்டுத் தலையீட்டை விசாரித்த நீதியரசர் மரி ஜோசே ஓக், 2024 இடைக்கால அறிக்கையில் இந்தக் கதவைத்தான் சுட்டினார்.

இன்னொன்று. கட்சிகள் தங்கள் தலைவரைத் தெரிவுசெய்யும்போது 1, 2, 3 என்று விருப்ப வரிசையில் எழுதச் சொல்கின்றன. பாதிக்கு மேல் வராதவர் தலைவராக முடியாது. நாட்டுக்கு மட்டும் அந்த விதி கிடையாது, தொகுதியில் மற்றவர்களைவிட ஒரு வாக்குக் கூட எடுத்தால் போதும். 2022இல் 40.8% வாக்குக்கு ஃபோர்டுக்கு 124இல் 83 ஆசனம். அதே ஆண்டு கியூபெக்கில் 14.4% எடுத்த லிபரலுக்கு 21 ஆசனம், 12.9% எடுத்த அந்த மாகாணக் கன்சர்வேட்டிவ் கட்சிக்கு ஒன்றுமில்லை. 2015 தேர்தலே பழைய முறையின் கடைசித் தேர்தல் என்று வாக்குக் கொடுத்த ஜஸ்டின் ட்ரூடோ 2017 பெப்ரவரியில் அதைக் கைவிட்டார். அவர் பதவியை விட்டுப் போன பிறகும் அந்தக் கடனை நான் மறக்கவில்லை.

கடைசியாக, கட்சிப் பெயர் மேல் உங்களுக்கு இவ்வளவு பற்று இருப்பதால் சொல்கிறேன். கூட்டாட்சி வாக்குச்சீட்டில் ஒருகாலத்தில் கட்சிப் பெயரே இல்லை. வேட்பாளரின் பெயர், விலாசம், தொழில், அவ்வளவுதான். 1970 சட்டம் அதை மாற்றி, 1972 தேர்தலில்தான் கட்சிப் பெயர் அச்சானது. தபால் வாக்கில் பழைய முறை இன்னும் பாதி உயிரோடு இருக்கிறது. வீட்டுக்கு வருவது வெற்றுச் சீட்டு, நீங்கள்தான் எழுதவேண்டும். எழுதி, உள்ளுறையில் எதுவும் குறிக்காமல் போட்டு ஒட்டி, வெளியுறையில் கையொப்பமும் திகதியும் இட்டு, நேரத்தோடு அனுப்புங்கள். தபால் முத்திரைத் திகதி உதவாது, உரிய நேரத்துக்குள் உறை போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். அச்சடித்த விலாசத்தையும் ஒருமுறை சரிபாருங்கள். 2025இல் மொன்றியலுக்கு வடக்கே டெர்போனில் முதலில் லிபரல் வென்றதாகச் சொன்னார்கள், பிறகு 44 வாக்கால் கியூபெக் கட்சியான புளொக் கெபெக்குவா என்றார்கள், மறு எண்ணிக்கையில் ஒரே ஒரு வாக்கால் லிபரல் என்றார்கள். புளொக்குக்குப் போட்ட ஒரு பெண்ணின் உறையோ, தேர்தல் அலுவலகம் அச்சடித்த அஞ்சல் குறியீடு பிழையானதால் அவரிடமே திரும்பி வந்திருந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது.

சீட்டில் வேட்பாளரின் பெயரை எழுதுங்கள். லிபரல் என்றோ கன்சர்வேட்டிவ் என்றோ கட்சியை மட்டும் எழுதிய சீட்டை எண்ணமாட்டார்கள்.