முப்பது சென்ட்டும் ஒரு பிரியாணியும்

கேள்வி: மாட்டுத்தாவணி மார்க்கெட்டுக்குக் காய்கறி லோடு அடிக்கிறேன். வயது 36. பெண்களுக்கு டவுன் பஸ் இலவசம், மாதம் ஆயிரம் ரூபாய், வேலையில் ஒதுக்கீடு. ஆணுக்கு என்ன இருக்கிறது? தை மாதம் அக்கா மகளுக்குச் சடங்கு. தாய்மாமன் சீர் இரண்டு லட்சமாவது ஆகும், வட்டிக்குத்தான் வாங்க வேண்டும். அப்பா சம்பாதித்து வாங்கிய 90 சென்ட் என் பெயரில் இருந்தும் வருமானம் இல்லை. அவர் உயில் எழுதாததால் அம்மாவும் அக்காவும் பத்திர ஆபீஸில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். மதியம் அக்காவுக்குப் பிரியாணி வாங்கிக் கொடுத்து பஸ் ஏற்றிவிட்டேன். ஆண்கள் கஷ்டத்தை ஏன் யாரும் பேசுவதில்லை?
- பெயர் வேண்டாம், செக்கானூரணி

பதில்: தம்பி, பஸ்ஸில் தொடங்கி வட்டிவரை கணக்குச் சொன்னீர்கள். அக்கா கையெழுத்தை மட்டும் பிரியாணியோடு சேர்த்துத் தாண்டிவிட்டீர்கள். எனக்கு அதற்கு மேல் படிக்க ஓடவில்லை.

அப்பா சுயமாக வாங்கிய நிலம், உயிலும் இல்லை. 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படியே அம்மா, அக்கா, நீங்கள் மூவருக்கும் சம பங்கு. பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சம உரிமை வரத்தான் 1989-ல் தமிழ்நாட்டுத் திருத்தமும் 2005-ல் மத்தியத் திருத்தமும் தேவைப்பட்டன. ஆக, 30 சென்ட் அக்காவுடையது. (அம்மாவின் 30 சென்ட்டைப் பற்றியும் ஒருநாள் பேச வேண்டும்.)

இலவச பஸ் வந்தது 2021-ல். ஆயிரம் ரூபாய் 2023 செப்டம்பரில். இவையெல்லாம் உங்கள் கண்ணை உறுத்துகின்றன, அந்த 30 சென்ட் உறுத்தவில்லை. 'உனக்கும் பங்கு இருக்குக்கா' என்று அன்றைக்கு ஒருவராவது சொன்னீர்களா? பத்திரத்தை வாசித்துக் காட்டினீர்களா? நம் பக்கம் பங்கு கேட்ட பெண்ணுக்குப் பிறந்த வீட்டு வாசல் அடைத்துப்போகும். மகள் சடங்குக்குத் தாய்மாமன் வரமாட்டான். அந்தப் பயத்தில் போடுகிற கையெழுத்தைப் பாசம் என்று ஊர் சொல்லும். எழுதும் அக்காமார்களின் கடிதங்களைப் பல வருடமாகப் படிக்கிறேன், எனக்குத் தெரியும்.

உங்கள் சுமை பொய்யில்லை. இந்த நாட்டில் தற்கொலை செய்துகொள்கிறவர்களில் பத்தில் ஏழு பேர் ஆண்கள். கடனைப் பெண்டாட்டியிடம்கூடச் சொல்லாமல் உள்ளுக்குள்ளேயே வெந்து போகிறார்கள். அதைப் பேசியே ஆக வேண்டும். ஆனால் உங்கள் தலையில் சீரை ஏற்றியது எது? 'சொத்து ஆம்பளைக்கு, செய்முறை பொம்பளைக்கு' என்கிற வழக்கம். நிலத்தை உங்களுக்குக் கொடுத்ததும் அதுதானே? கொடுத்தபோது வாங்கிக்கொண்டீர்கள், கேட்கும்போது மட்டும் அநியாயம் என்கிறீர்கள்.

கூடப்பிறந்தவளுக்குச் செய்வது கடமை. அதில் எனக்கு இரண்டாவது பேச்சே கிடையாது. அவளுடையதை வைத்துக்கொண்டு, வட்டிக்கு வாங்கிச் சீர் செய்து, அதைச் சொல்லிப் புலம்பினால் அதற்குக் கடமை என்று பெயரில்லை.

வட்டிக்காரரிடம் போவதற்கு முன் அக்கா வீட்டுக்குப் போங்கள். வேறு யாரும் இல்லாத நேரமாகப் பாருங்கள். பங்கு 30 சென்ட் என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். நிலமாக வேண்டுமா, இன்றைய விலைக்குக் கணக்குப் பார்த்துத் தவணையில் பணமாக வேண்டுமா என்று கேளுங்கள். நிலம் என்றால் செட்டில்மென்ட் பத்திரம் எழுதி, பட்டாவையும் மாற்றிக் கொடுங்கள். சீர் அப்புறம். தாம்பாளத்தில் பட்டுப்புடவையும் மல்லிகைப்பூவும் போதும், வட்டிக்கு வாங்காதீர்கள்.

'அதெல்லாம் எதுக்குடா, வேணாம்' என்றுதான் அக்கா முதலில் சொல்லும். அதைக் கேட்டதும் எழுந்து வந்துவிடாதீர்கள்.