லொறியில் எந்த வேலையை நாமே செய்யலாம்?

யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வெங்காயம் ஏற்றும் லொறியில் எதைக் கராஜுக்குப் போகாமல் செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் பிறேக்குக்கான காற்றைச் சேமித்து வைக்கும் காற்றுத் தாங்கியைக் கவனியுங்கள். எயர் பிறேக் வண்டியில் கொம்பிறசர் அழுத்தும் காற்றிலுள்ள ஈரம் தாங்கிக்குள் தண்ணீராகத் தேங்கும். நம் கடற்கரைக் காற்றில் அது இன்னும் அதிகம். ஓட்டம் முடிந்ததும் சில்லுக்குக் கட்டை வைத்து, தாங்கியின் அடி வால்வைத் திறந்துவிடுங்கள். வெறும் தண்ணீர் என்றால் சரி. எண்ணெய் கலந்து பால் நிறத்தில் சேறாக வந்தால் கொம்பிறசரைக் கட்டாயம் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

அப்புறம் கிறீஸ். கிறீஸ் ஏற்றும் சிறு முனையான நிப்பிளைத் துணியால் துடைக்காமல் அடித்தால் மணலும் உள்ளே போகும். பழைய கிறீஸ் பிதுங்கி வரும்வரை அடியுங்கள்.

சில்லுக் கழற்றிப் பூட்டினால் முதல் 50–100 கிலோமீற்றருக்குள் நட்டுகளை மறுபடி இறுக்கவேண்டும். கிளிநொச்சியில் தேத்தண்ணிக்கு நிற்கும்போதே செய்துவிடலாம்.