தொலைவிலிருந்து பார்க்கும் சிலைகள்: சிற்பி பர்தோல்தி குறித்த கேள்வி பதில்

நியூயார்க்கிலுள்ள சுதந்திர தேவி சிலையைப் பற்றி மட்டுமே கேள்விகள் வரும் என்று எதிர்பார்த்திருந்தேன். ஆனால் அதை உருவாக்கிய ஃபிரெதெரிக் ஒகுஸ்த் பர்தோல்தியின் மற்ற படைப்புகளைக் குறித்தும் உறுப்பினர்கள் பலர் கேட்டிருப்பது மகிழ்ச்சி தருகிறது. ஒரே பொருளைத் தொட்ட கேள்விகளை ஒன்றாக இணைத்து விடையளித்திருக்கிறேன்.

பர்தோல்தி எந்த ஊர்க்காரர்? சிற்பக்கலையை யாரிடம் பயின்றார்?

பிரான்சின் கிழக்கு எல்லையிலுள்ள அல்சாஸ் பகுதியில், கோல்மார் நகரில், 1834 ஆகஸ்ட் 2 அன்று பிறந்தார். அரசு நிர்வாகத்தில் ஆலோசகராக இருந்த தந்தை, மகனுக்கு இரண்டு வயதாகும்போதே இறந்துவிட்டார். சொத்து வசதி இருந்ததால் தாய் சார்லோத் இரு மகன்களையும் அழைத்துக்கொண்டு பாரிஸுக்குக் குடிபெயர்ந்தார். கோல்மார் வீட்டையும் விற்காமல் வைத்திருந்தார். பாரிஸில் பர்தோல்தி ஓவியர் ஆரி ஷெஃபரிடம் ஓவியமும், அந்துவான் எத்தெக்ஸ் முதலியோரிடம் சிற்பமும் பயின்றதோடு கட்டடக்கலையையும் கற்றார். பின்னாளில் அவர் செய்த ஒவ்வொரு பெரிய வேலையிலும், உருவத்தைப் பற்றி யோசிக்கும்போதே அது நிற்கப்போகும் இடத்தையும், பார்ப்பவர் எங்கிருந்து பார்ப்பார் என்பதையும் சேர்த்து யோசித்திருப்பதற்கு இந்தக் கட்டடக்கலைப் பயிற்சி ஒரு முக்கியக் காரணம் என்பது என் கருத்து.

அவருடைய முதல் பொதுச் சிலை எது?

நெப்போலியனின் தளபதியும் கோல்மார்க்காரருமான ஜெனரல் ராப்பின் சிலை. 1855ஆம் ஆண்டு பாரிஸ் உலகக் கண்காட்சிக்காகச் செய்யப்பட்ட அச்சிலை, மண்டபத்துக்குள் வைக்க முடியாத அளவுக்கு உயரமாக இருந்ததால் வெளியே நிறுத்தப்பட்டது. உள்ளே நூற்றுக்கணக்கான சிற்பங்களுக்கு நடுவே ஒன்றாக இருந்திருக்க வேண்டிய சிலை, வெளியே தனித்து நின்றதால் எல்லோர் கண்ணிலும் பட்டது. மறு ஆண்டு அது கோல்மாரில் நிறுவப்பட்டது. அப்போது சிற்பிக்கு வயது 22.

சுதந்திர தேவி சிலை முதலில் எகிப்துக்காகச் செய்யப்பட்டது என்று படித்தேன். உண்மையா?

இந்தக் கேள்வியைப் பலர் கேட்டிருக்கிறார்கள். செய்யப்பட்ட சிலை ஒன்று எகிப்தில் நிராகரிக்கப்பட்டு அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டது என்ற பொருளில் கேட்டால், உண்மையல்ல. ஆனால் அக்கதைக்குப் பின்னால் மெய்யான நிகழ்ச்சி ஒன்று உண்டு.

1855–56இல் ஓவியர் ழெரோம் உள்ளிட்ட குழுவினருடன் பர்தோல்தி எகிப்துக்கும் ஏமனுக்கும் பயணம் செய்தார். நைல் ஆற்றங்கரையின் மாபெரும் கற்சிலைகளைப் பார்த்த அந்தப் பயணத்திலிருந்துதான் பேருருவங்கள் மீதான அவருடைய நாட்டம் தொடங்குகிறது. 1869இல் சூயஸ் கால்வாய் திறக்கப்படவிருந்த நேரத்தில், கால்வாயின் வாயிலில் கலங்கரை விளக்கமாகப் பயன்படும் பெருஞ்சிலை ஒன்றை அமைக்கலாம் என்று எகிப்தின் ஆட்சியாளர் இஸ்மாயில் பாஷாவிடம் திட்டம் கொடுத்தார். எகிப்திய உழவர் குலப் பெண் ஒருத்தி விளக்கை உயர்த்திப் பிடித்திருப்பது போன்ற உருவம் அது. எகிப்து ஆசியாவுக்கு ஒளி கொண்டுவருகிறது என்பது அதன் கருத்து. செலவு தாங்காது என்பதால் அத்திட்டம் கைவிடப்பட்டது.

இரண்டு சிலைகளுக்கும் தொடர்பில்லை என்று பர்தோல்தி பிற்காலத்தில் மறுத்தார். அவருடைய களிமண் மாதிரிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவர் எவருக்கும் அந்த மறுப்பை அப்படியே ஏற்பது கடினம். நிற்கும் நிலை, உயர்த்திய கை, துறைமுக வாயில் என்ற இடத்தேர்வு ஆகிய மூன்றும் ஒத்துப்போகின்றன. நிறைவேறாமல் போன ஒரு கருத்தை வேறோர் இடத்துக்கு ஏற்பத் திருத்தி எடுத்துக்கொள்வது சிற்பிகளுக்கு இயல்பான ஒன்றே. அதை அவர் ஏன் அவ்வளவு பதற்றத்துடன் மறைத்தார் என்றால், நன்கொடை திரட்டிக்கொண்டிருந்த காலத்தில் இன்னொருவர் வேண்டாம் என்ற பொருளைத் தருகிறோம் என்ற பேச்சு எழுவதை அவர் விரும்பியிருக்க மாட்டார்.

சிலையின் முகம் அவருடைய தாயின் முகமா?

சாயல் இருப்பதாக அவர் காலத்திலேயே பேசப்பட்டது. உறுதியான சான்று இல்லை.

46 மீட்டர் உயரச் சிலையைச் செம்புத் தகட்டில் எப்படிச் செய்தார்கள்? ஈஃபிலுக்கு இதில் என்ன பங்கு? (சிற்பக் கல்லூரி மாணவர் ஒருவரின் கேள்வி)

இத்தாலியில் மஜோரே ஏரியின் அருகே அரோனா என்ற ஊரில், 17ஆம் நூற்றாண்டில் அமைக்கப்பட்ட புனித சார்லஸ் பொரோமியோவின் சிலை இருக்கிறது. பீடம் நீங்கலாக 23 மீட்டருக்கும் மேல் உயரமுள்ள அதன் உடலில் செம்புத் தகடுகளை அடித்துப் பொருத்தியிருக்கிறார்கள். பர்தோல்தி அதை நேரில் சென்று ஆராய்ந்தார். வெண்கல வார்ப்பில் இவ்வளவு பெரிய உருவத்தைச் செய்தால் எடையும் செலவும் கட்டுக்கடங்காமல் போகும், கடல் கடந்து கொண்டுசெல்லவும் முடியாது என்பதால் தகட்டு வேலையைத் தேர்ந்தெடுத்தார்.

பாரிஸில் ஷஸெல் தெருவிலிருந்த காஜே-கோத்தியே பட்டறையில் வேலை நடந்தது. முதலில் சிறிய மாதிரி. பின்பு படிப்படியாகப் பெரிதாக்கி, இறுதிச் சிலையில் நான்கில் ஒரு பங்கு அளவுள்ள பிளாஸ்டர் உருவம். அந்த உருவத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியிலும் புள்ளிகள் குறித்து, தூக்குநூலாலும் அளவுகோலாலும் அளந்து நான்கு மடங்காகப் பெருக்கி முழு அளவில் மரச்சட்டங்கள் மீது பிளாஸ்டர் பூசி உருவாக்கினார்கள். அதன் மேற்பரப்புக்கு அச்சாகப் பொருந்தும்படி தச்சர்கள் மர வார்ப்படங்களைச் செய்தார்கள். அந்த மர அச்சுக்குள் செம்புத் தகட்டை வைத்து, நம்மூர்ப் பாத்திரப் பட்டறைகளில் செம்புக் குடத்தைத் தட்டி வளைப்பதைப் போல, உட்புறமாகச் சுத்தியலால் அடித்து உருவமெடுத்தார்கள். தகட்டின் கனம் சுமார் 2.4 மில்லிமீட்டர்தான்.

உள்ளமைப்புக்கு முதலில் பொறுப்பேற்றவர் கட்டடக்கலைஞர் வியோலே-லெ-துய்க். கீழ்ப்பகுதியை அறைகளாகப் பிரித்து மணல் நிரப்பலாம் என்பது அவர் எண்ணம். 1879இல் அவர் இறந்த பிறகு வேலை, பாரிஸின் ஈஃபில் கோபுரத்துக்குப் பெயர் தந்த பொறியாளர் குஸ்தாவ் ஈஃபிலிடம் வந்தது. கணக்குகளைப் போட்டவர் அவருடைய பொறியாளரும் அல்சாஸ்காரருமான மொரீஸ் கேக்லன். நடுவில் நான்கு கால்களுள்ள இரும்புக் கோபுரம், அதிலிருந்து கிளைக்கும் துணைச் சட்டகம், தகட்டின் வளைவைப் பின்பற்றும் மெல்லிய இரும்புப் பட்டைகள் என்று அவர்கள் அமைத்தார்கள். செம்புத் தோல் எந்தப் பாரத்தையும் சுமப்பதில்லை. பட்டைகள் செம்பில் நேராகத் தறையப்படாமல், செம்புக் கொளுவிகளுக்குள் நழுவும்படி விடப்பட்டதால், வெயிலில் தகடு விரியும்போதும் காற்றில் அசையும்போதும் கிழிவதில்லை.

ஒரு குறையும் இருந்தது. இரும்பும் செம்பும் உப்பு ஈரத்தில் தொட்டுக்கொண்டால் இரும்பு விரைவில் அரிக்கும். இடையில் கல்நார் வைத்துப் பிரித்திருந்தார்கள். ஆனால் அது காலப்போக்கில் சிதைந்துபோனதால், 1986இல் முடிந்த சீரமைப்பின்போது அந்த இரும்புப் பட்டைகளுக்குப் பதிலாகத் துருப்பிடிக்காத எஃகுப் பட்டைகளைப் பொருத்த வேண்டியதாயிற்று.

பணம் யார் கொடுத்தது? பிரெஞ்சு அரசா?

அரசு அல்ல. சிலைக்குப் பிரான்சிலும் பீடத்துக்கு அமெரிக்காவிலும் பொதுமக்களிடம் நிதி திரட்டுவது என்பது ஏற்பாடு. 1875இல் அமைக்கப்பட்ட பிரெஞ்சு-அமெரிக்க ஒன்றியத்தின் தலைவர் சட்ட அறிஞர் எதுவார் லபூலே, ஓடியாடியவர் பர்தோல்தி. லாட்டரி நடத்தினார்; எண்ணிட்ட சிறு களிமண் சிலைகளை விற்றார்; தீவட்டி ஏந்திய கையை மட்டும் முதலில் முடித்து 1876இல் ஃபிலடெல்ஃபியா கண்காட்சிக்கு அனுப்பினார். அங்கே 50 சென்ட் கட்டணம் கொடுத்து ஏணியில் ஏறி மக்கள் அதன் உச்சியில் நின்றார்கள். பிறகு அந்தக் கை நியூயார்க்கின் மேடிசன் சதுக்கத்தில் 1882 வரை நின்றது. தலையை 1878 பாரிஸ் கண்காட்சியில் வைத்தார். முடியாத சிலையின் உறுப்புகளையே விளம்பரமாக்கிய இந்தத் துணிச்சல், சிலையின் வடிவத்தைவிட எனக்கு வியப்பளிப்பது.

1885 ஜூன் மாதம் சிலை 214 பெட்டிகளில் இஸேர் என்ற கப்பலில் நியூயார்க் வந்து சேர்ந்தபோது பீடம் முடிந்திருக்கவில்லை. பத்திரிகையாளர் ஜோசப் புலிட்சர் தம் நாளிதழில், எவ்வளவு சிறிய தொகை கொடுத்தாலும் பெயரை அச்சிடுவதாக அறிவித்து, ஐந்தே மாதங்களில் 1,20,000க்கும் மேற்பட்டவர்களிடமிருந்து 1,00,000 டாலருக்கு மேல் திரட்டினார். 1886 அக்டோபர் 28 அன்று திறப்பு விழா. சிலையின் முகத்தை மூடியிருந்த பிரெஞ்சுக் கொடியை விலக்குவதற்காக மேலே காத்திருந்த பர்தோல்தி, செனட்டர் எவர்ட்ஸ் பேச்சின் நடுவே மூச்சு வாங்க நிறுத்தியதை முடிவு என்று எண்ணிக் கொடியை இழுத்துவிட, மிச்சப் பேச்சு ஆரவாரத்தில் மூழ்கியது.

பெல்ஃபோர் நகரத்துச் சிங்கத்தைப் பற்றிச் சொல்லுங்கள். மலையைக் குடைந்து செய்ததா?

இல்லை. வோஜ் மலையின் சிவப்பு மணற்கல்லைப் பகுதி பகுதியாகச் செதுக்கி, கோட்டையின் கீழுள்ள பாறைச் சுவரில் சாத்தி அடுக்கியது. நீளம் 22 மீட்டர், உயரம் 11 மீட்டர், 1880இல் முடிந்தது.

இந்தச் சிங்கம் பர்தோல்தியின் சொந்த வாழ்வோடு கலந்தது. 1870இல் ஜெர்மன் அரசுகளுள் பெரியதான பிரஷ்யாவுடன் போர் மூண்டபோது அவர் தேசியக் காவற்படையில் சேர்ந்து கோல்மாரின் பாதுகாப்பில் பங்கெடுத்தார். பிறகு பிரான்சுக்காகப் போரிட வந்த இத்தாலியத் தளபதி கரிபால்டியின் படையோடு பணியாற்றினார். தோல்விக்குப்பின் 1871இல் அல்சாஸ் ஜெர்மனிக்குப் போனது. தாய் வாழும், தாம் பிறந்த வீடு அந்நிய நாட்டில் இருந்தது. கர்னல் டான்ஃபேர்-ரோஷ்ரோவின் தலைமையில் 103 நாள் முற்றுகையைத் தாங்கிய பெல்ஃபோர் மட்டும் அல்சாஸில் பிரான்சோடு தங்கியது. ஆகவே அவர் வெற்றிச் சின்னம் எதையும் செய்யவில்லை. தாக்கப்பட்டு, சுவரோரம் ஒடுக்கப்பட்டு, முன்னங்கால்களை ஊன்றி எழும் விலங்கைச் செய்தார். அது ஜெர்மனியின் பக்கம் முகம் காட்டவில்லை. காலடியில் ஓர் அம்பு கிடக்கிறது. நகரத்தின் எந்த மூலையிலிருந்து பார்த்தாலும் கோட்டையின் ஓர் அங்கமாகவே தோன்றும் இந்தச் சிங்கத்தைத்தான் நான் அவருடைய தலைசிறந்த படைப்பாகக் கருதுகிறேன். பாரிஸில் டான்ஃபேர்-ரோஷ்ரோ சதுக்கத்தில் நிற்பது செம்புத் தகட்டாலான சிறிய பிரதி.

அவருக்குத் தோல்விகளே இல்லையா?

உண்டு. 1857இல் போர்தோ நகரம் நடத்திய நீரூற்றுப் போட்டியில் வென்றார்; நகரம் அதைக் கட்டவில்லை. நான்கு குதிரைகள் பூட்டிய தேரில் பெண்ணொருத்தி விரையும் அந்த வடிவத்தை அவர் விடாமல் வைத்திருந்து, 1889 பாரிஸ் கண்காட்சியில் ஈயத்தில் செய்து காட்ட, லியோன் நகரம் வாங்கி 1892இல் தெர்ரோ சதுக்கத்தில் நிறுவியது. போர்தோவில் ஓடும் கரோன் ஆற்றுக்காகக் கருதியது, அந்த ஆறு ஓடாத ஊரில் நிற்கிறது. யாரும் குறைப்பட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை.

எகிப்திய எழுத்துகளைப் படித்தறிந்த ஷம்போலியோனின் சிலை வேறு வகை. பாரிஸில் கொலேஜ் த பிரான்ஸ் முற்றத்திலுள்ள அதில், அறிஞர் ஃபாரோ (பண்டைய எகிப்திய மன்னர்) ஒருவரின் சிலைத் தலைமீது காலை ஊன்றி நிற்கிறார். எகிப்தியர் பலரை இது புண்படுத்தியிருக்கிறது. அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது.

அதே காலத்துப் பிரெஞ்சுச் சிற்பி ரோதேனுக்கு உள்ள மதிப்பு இவருக்கு ஏன் இல்லை?

முகம், தசை, உள்ளக் கொந்தளிப்பு ஆகியவற்றைப் பக்கத்தில் நின்று பார்ப்பவர்க்கு ரோதேன் கொடுப்பதைப் பர்தோல்தி கொடுப்பதில்லை. அவருடைய முகங்கள் பொதுப்படையானவை. ஆடை மடிப்புகள் விறைப்பானவை. 100 மீட்டர் தொலைவில் நுணுக்கம் தெரியாது, விளிம்புக்கோடு மட்டுமே தெரியும் என்பதை அறிந்து அவர் வேண்டுமென்றே செய்த எளிமைப்படுத்தல் அது. நகராட்சிகளோடும் குழுக்களோடும் பொறுமையாக ஒத்துப்போகத் தெரிந்தவர் அவர். ரோதேன் செய்த நாவலாசிரியர் பால்ஸாக்கின் சிலையையோ, அதைச் செய்யச் சொன்ன எழுத்தாளர் சங்கமே 1898இல் மறுத்துவிட்டது. கலை வரலாறு இரண்டாமவருக்கே இடம் ஒதுக்குகிறது. அருங்காட்சியகத்தின் அளவுகோலால் சதுக்கத்துச் சிற்பியை அளப்பது சரியா என்பதில் எனக்கு ஐயம் உண்டு.

அழிந்துபோன படைப்புகள் ஏதேனும்?

கோல்மாரில் ஜெனரல் ராப் சிலையையும் அட்மிரல் புருவா நீரூற்றையும் 1940இல் நாஜிகள் தகர்த்தார்கள். போருக்குப்பின் இரண்டும் மீண்டும் அமைக்கப்பட்டன. 1870–71 முற்றுகையின்போது பாரிஸிலிருந்து பறந்த பலூன்காரர்களுக்காகப் பாரிஸையொட்டிய நெய்யியில் அவர் வடித்த நினைவுச்சின்னம், அவர் மறைவுக்குப்பின் 1906இல் திறக்கப்பட்டு, ஜெர்மன் ஆக்கிரமிப்புக் காலத்தில் உலோகத்துக்காக உருக்கப்பட்டது. அது திரும்பவில்லை.

பிரான்சுக்குச் செல்லும்போது எவற்றைப் பார்க்கலாம்?

பாரிஸில் சேன் ஆற்றின் ஸ்வான் தீவு முனையிலுள்ள சிறிய சுதந்திர தேவியும், மோன்பர்னாஸ் இடுகாட்டில் அவருடைய கல்லறையும் எளிதில் பார்க்கக்கூடியவை. காசநோயால் 1904 அக்டோபர் 4 அன்று அவர் இறந்தார். க்ளெர்மோன்-ஃபெரானில் ஷோத் சதுக்கத்தில், பாயும் குதிரைமேல், ரோமானியரை எதிர்த்த கோல் இனத் தலைவன் வெர்சன்ஷெத்தொரியின் சிலை 1903இல் நிறுவப்பட்டது. ஒரே நாள்தான் கையில் இருக்கிறதென்றால் கோல்மாருக்குப் போங்கள். மார்ஷான் தெருவில் அவர் பிறந்த வீட்டை மனைவி நகரத்துக்கு எழுதிவைத்தார். 1922 முதல் அது அருங்காட்சியகம். சூயஸ் திட்டத்தின் களிமண் மாதிரிகளை அங்கே காணலாம்.