ஒரு பைக், மூன்று ஓட்டுநர்கள்: பெண்கள் ரேஸ் அணி தொடங்குவோருக்கான கேள்வி பதில்

பெண்கள் ஓட்டும் ரோடு ரேஸிங் அணியை ஒன்றுமில்லாமல் தொடங்குவது பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். கேள்விகள் குவிந்துவிட்டன. நான் ஓட்டியும் இருக்கிறேன், பிறகு பிட்டில் (டிராக் ஓரம் பைக்கைப் பார்த்துக்கொள்ளும் இடம்) நின்று அணி நடத்தியும் இருக்கிறேன். பைக், டிராக், ஆட்கள், பணம் இவற்றுக்குப் பதில் சொல்கிறேன். வரி, நிறுவனப் பதிவு எல்லாம் கணக்காளரிடம் கேளுங்கள்.

விடியல்வண்டி: நாங்கள் நான்கு தோழிகள். டிராக் டே (போட்டியில்லாமல் ரேஸ் டிராக்கில் ஓட்டிப் பழகும் நாள்) போயிருக்கிறோம், ரேஸ் ஓட்டியதில்லை. ஆளுக்கொரு பைக் வாங்கி அணியாகப் பதிவு செய்யத் திட்டம். எதிலிருந்து தொடங்குவது?

பதில்: ஆளுக்கொரு பைக் என்ற யோசனையை விடுவதிலிருந்து. நான்கு பைக் என்றால் நான்கு செட் டயர், நான்கு செட் உதிரி பாகங்கள், அத்தனையும் ஏற்ற ஒரு பெரிய வேன், பார்த்துக்கொள்ள இரண்டு மெக்கானிக்காவது வேண்டும். பணம் முழுவதும் இரும்புக்குப் போய்விடும். ஓட்டிப் பழக ஒன்றும் மிஞ்சாது. நான் பார்த்த புதிய அணிகள் பலவும் கலைந்தது திறமைக் குறைவால் அல்ல, இந்தக் கணக்கால்தான்.

ஒரே ஒரு பைக் வாங்குங்கள். எண்டூரன்ஸ் ரேஸ் என்று ஒரு வகை உண்டு. ஒரே பைக்கை இரண்டு மூன்று பேர் மாறி மாறி ஓட்டுவார்கள். சுஸுகா 8 மணி நேரம், போல் தோர் 24 மணி நேரம் எல்லாம் அதன் உச்சிகள். கிளப் அளவில் சில மணி நேரமே ஓடும் சின்ன ரேஸ்களும் நடக்கின்றன. ஸ்பிரிண்ட் என்னும் குறுகிய ரேஸில் முதல் கார்னரிலேயே விழுந்தால் அன்றைய பணம் போச்சு. எண்டூரன்ஸில் ஒவ்வொருவருக்கும் பைக் மேல் நல்ல நேரம் கிடைக்கும். அதைவிட, ஆள் மாற்றுவது, பெட்ரோல் ஊற்றுவது, பிட் போர்டு (ஓட்டுநருக்குத் தகவல் சொல்லும் பலகை) காட்டுவது என்று அணியாக வேலை செய்யப் பழகுவீர்கள்.

மூன்று பேர் ஓட்டட்டும், நான்காமவர் மேனேஜர். யார் மெதுவோ அவளை மேனேஜராக்கு என்று முடிவு செய்யாதீர்கள். பதிவின் கடைசித் தேதி, லைசென்ஸ் புதுப்பிப்பு, மருத்துவச் சான்று, காப்பீடு இதெல்லாம் தலைக்குள் வைத்திருக்கும் ஒருத்தி இல்லாவிட்டால் எவ்வளவு வேகமான ஓட்டுநர் இருந்தும் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான்.

இன்னொன்று. பைக்கை ஒருத்தி கீழே போட்டால் செலவு யாருடையது என்பதை, பைக் வாங்கும் முன்பே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். எஞ்சின் பழுது பொதுச் செலவு, விழுந்த சேதத்தில் பாதி விழுந்தவருடையது என்பதுபோல் ஏதாவது ஒன்று. விகிதம் உங்கள் இஷ்டம், ஆனால் எழுத்தில் இருக்க வேண்டும். தோழிகளுக்குள் இதெல்லாம் எதற்கு என்று தோன்றும். அணிகள் உடைவது அங்கேதான்.

பழையகார்புரேட்டர்: 600 சிசி, நான்கு சிலிண்டர், பழைய ரேஸ் பைக் ஒன்று மலிவாக வருகிறது. வாங்கலாமா அக்கா?

பதில்: வேண்டாம். வாங்கும் விலைதான் மலிவு. டயரை வேகமாகத் தின்னும், எஞ்சின் பிரித்தால் செலவு அதிகம். நேரான பாதையில் ஆக்ஸிலரேட்டரைத் திருகியே நேரத்தைப் பிடித்துவிடலாம் என்ற கெட்ட பழக்கமும் வரும். 300, 400 சிசி பைக்கில் கார்னரில் விட்ட வேகத்தைத் திரும்பப் பிடிக்க முடியாது. அதனால்தான் அதில் ஓட்டக் கற்றுக்கொள்கிறோம்.

ஐந்தடிஒன்று: என் எடை 48 கிலோ. டிராக்கில் சின்ன மேடு வந்தாலும் பைக் உதைக்கிறது, கார்னர் நடுவில் பின்டயர் துள்ளுகிறது. கால் எட்டவில்லை, பைக்கைத் தாழ்த்தினால் சரியாகும் என்கிறார்கள். எனக்குத் தைரியம் போதவில்லையோ என்றும் ஒருவர் சொன்னார்.

பதில்: அந்த ஒருவரைப் பிட் பக்கம் விடாதீர்கள். உங்கள் பிரச்சினை ஸ்பிரிங். கம்பெனியில் போட்டு வரும் ஸ்பிரிங் உங்களைவிட நன்றாக எடை கூடிய ஒருவரை மனதில் வைத்துப் போட்டது. உங்கள் எடைக்கு அது கல் மாதிரி.

அளந்து பாருங்கள். பின்சக்கரம் தரையில் படாமல் தூக்கி, அச்சிலிருந்து நேர் மேலே வாலில் ஒரு புள்ளிவரை அளவெடுங்கள். பிறகு லெதர் சூட், ஹெல்மெட் எல்லாம் போட்டு, ஓட்டும் நிலையில் உட்கார்ந்து, அதே அளவை மறுபடி எடுங்கள். வித்தியாசம் டிராக்குக்கு 30 முதல் 35 மி.மீ. அளவில் இருக்கட்டும். குறைவாக இருந்தால் பிரீலோடை, அதாவது ஸ்பிரிங்கை முன்கூட்டியே அழுத்தி வைத்திருக்கும் அளவை, தளர்த்துங்கள். அந்த அளவு வந்த பிறகு, ஆள் இல்லாமல் பைக் தன் எடையில் எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். பிரீலோட் முழுக்கத் தளர்ந்து, ஆளில்லாமலேயே பைக் நிறைய இறங்கி நின்றால் ஸ்பிரிங் உங்களுக்குக் கடினம், மாற்ற வேண்டும். முன்ஃபோர்க்குக்கும் இதே வேலை. அதன் பிறகுதான் டேம்பிங் (ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்கும் அமைப்பு) பக்கம் போக வேண்டும். பலர் தலைகீழாகச் செய்து, டேம்பிங்கை மாற்றும் கிளிக்கரைத் திருகித் திருகியே ஒரு சீசனை ஓட்டிவிடுகிறார்கள்.

தாழ்த்துவது பற்றி: பின்பக்க லிங்க்கை (ஸ்பிரிங்கைப் பின்சக்கரப் பக்கத்தோடு இணைக்கும் தண்டு) மட்டும் மாற்றித் தாழ்த்தினால் முன்ஃபோர்க்கின் சாய்வு கூடி, பைக் திரும்பச் சோம்பல்படும். சாய்க்கும்போது அடிபாகமும் சீக்கிரம் தரையில் உரசும். ரேஸில் இரண்டு காலும் ஊன்ற வேண்டிய இடம் எதுவும் இல்லை. ஸ்டார்ட்டில் ஒரு பக்கம் நகர்ந்து உட்கார்ந்து ஒரு காலை ஊன்றினால் போதும். சீட்டின் ஓரங்களை ஒல்லியாக்குங்கள். பிரேக், கிளட்ச் லீவர் தூரத்தை உங்கள் விரலுக்கு வையுங்கள். சின்னக் கை உள்ளவர்கள் விரல் நுனியால் பிரேக் பிடித்தே முன்கை இறுகிப்போகிறார்கள், பிறகு தெம்பில்லை என்று தங்களையே நொந்துகொள்கிறார்கள்.

ஒரே பைக்கை மூன்று பேர் பகிரும்போது எடை வித்தியாசம் பெரிதாக இருந்தால் நடுவில் உள்ளவருக்கு ஸ்பிரிங் போட்டு, ஆள் மாறும்போது பிரீலோடை மட்டும் மாற்றுங்கள். யாருக்குப் பிரீலோடை எத்தனை சுற்று திருக வேண்டும் என்று டேப் ஒட்டி எழுதி வையுங்கள்.

புதுகிளட்ச்: எங்கள் அணிக்கு எந்த பைக் நல்லது?

பதில்: நீங்கள் நுழையப்போகும் ரேஸில் எந்த பைக் அதிகம் ஓடுகிறதோ அது. பக்கத்துப் பிட்டில் உதிரி பாகம் கடன் கிடைக்கும், செட்டிங் கேட்கலாம். முதலில் விதிப்புத்தகம், பிறகு பைக்.

தையல்காரி: லெதர் சூட் ஆண்களுக்கானதை வாங்கி ஆல்டர் செய்துகொள்ளலாமா?

பதில்: இடுப்பு, மார்பு அளவுக்குப் பெரிதாக வாங்கினால் தோளும் காலும் தொளதொளவென்று நிற்கும். விழுந்து உருளும்போது முழங்கால் பாதுகாப்புத் தகடு பக்கவாட்டில் ஓடிவிடும், அப்புறம் அது இருந்தும் இல்லாததுபோல்தான். பெண்களுக்கு வெட்டியது அல்லது அளவு கொடுத்துத் தைத்தது வாங்குங்கள். முதுகுக் காப்புக்கு ஈஎன் 1621-2, மார்புக் காப்புக்கு ஈஎன் 1621-3 என்ற ஐரோப்பியத் தரக்குறி பாருங்கள். ஏர்பேக் உடை போடுவதானால் சூட்டுக்குள் அது விரிய இடம் விட்டுத்தான் அளவெடுக்க வேண்டும். பைக்கில் மிச்சம் பிடியுங்கள், இதில் பிடிக்காதீர்கள்.

பெயர்வேண்டாம்: மாதவிடாய் நாளில் ரேஸ் வந்தால் எப்படிச் சமாளிப்பது? பிட்டில் எல்லோரும் ஆண்கள், கேட்கவே கூச்சம்.

பதில்: கூச்சப்பட ஒன்றுமில்லை. முழு சூட்டைக் கழற்றி மாட்ட நேரம் பிடிக்கும் என்பதுதான் உண்மையான சிக்கல். வியர்வை உறிஞ்சும் வழவழப்பான உள்ளுடை போட்டால் சூட் சுலபமாக இறங்கும். கப்போ டாம்பனோ பழக்கமாக இருந்தால் பேடைவிட வசதி, ஆனால் ரேஸ் நாளில் முதல்முறை முயல வேண்டாம். கழிப்பறை தூரம் என்பதற்காகத் தண்ணீர் குடிக்காமல் இருப்பதுதான் ஆபத்து. தாகத்தில் கவனம் சிதறும், பிரேக் புள்ளி தவறும். மேனேஜர் முந்தைய நாளே கழிப்பறை எங்கே என்று பார்த்து வைக்கட்டும். இது அணியின் வேலை, உங்கள் ஒருத்தியின் பாடு இல்லை.

நீளக்கூந்தல்: முடியை என்ன செய்வது?

பதில்: கழுத்தோடு தாழ்வாகப் பின்னி சூட்டுக்குள் விடுங்கள். கொண்டை போட்டால் ஹெல்மெட் சரியாக உட்காராது.

விளம்பரப்பலகை: ஸ்பான்சர் பிடிக்க "முதல் பெண்கள் அணி" என்று போட்டால் எடுபடுமா?

பதில்: பாதி நேரம் அது பொய்யாக இருக்கும், மீதி நேரம் யாரும் கவலைப்பட மாட்டார்கள். பணம் கேட்காமல் பொருளும் தள்ளுபடியும் கேட்டுத் தொடங்குங்கள்: டயர், ஆயில், பிரேக் பேட். ஒவ்வொரு ரேஸுக்குப் பிறகும், தோற்றாலும், ஒரு பக்கக் கடிதமும் நல்ல புகைப்படமும் அனுப்புங்கள். ஸ்பான்சர் பைக்கைக் கொடுத்தால், விழுந்த செலவு யாருடையது என்று அவரிடமும் எழுதி வாங்குங்கள்.

நேர்கோடு: பைக்குக்கு ஓட்டுபவர் ஆணா பெண்ணா என்று தெரியாது. பெண்களுக்குத் தனி அணி, தனி ரேஸ் எதற்கு? ஸ்பெயின் ரேஸர் ஆனா கராஸ்கோ ஆண்களோடு ஓட்டித்தானே உலக சாம்பியன் ஆனார்?

பதில்: ஆமாம். 2018-இல் சின்ன பைக்குகளுக்கான சூப்பர்ஸ்போர்ட் 300 உலகப் பட்டத்தை ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் வென்றார். தனி ஓட்டுநராக (பக்கத்தில் இன்னொருவரை ஏற்றும் சைடுகார் இல்லாமல்) ரோடு ரேஸிங்கில் உலகப் பட்டம் எடுத்த முதல் பெண். அதே கராஸ்கோ பிறகு மோட்டோ3-இல் (உலக கிராண்ட் பிரீ ரேஸ்களின் சிறிய வகுப்பு) ஓட்டினார், அங்கே பெரிதாக அமையவில்லை. 2024-இல் உலக மோட்டார் சைக்கிள் பந்தய அமைப்பான எஃப்ஐஎம் பெண்களுக்கான சர்க்கியூட் உலக சாம்பியன்ஷிப்பைத் தொடங்கியது, எல்லோருக்கும் ஒரே யமஹா ஆர்7. அங்கே வந்து முதல் பட்டத்தை எடுத்ததும் அவர்தான். ஒரே ஆள் உங்கள் கட்சிக்கும் சாட்சி, எதிர்க்கட்சிக்கும் சாட்சி.

நேர்கோடு: தனி ரேஸ் வைத்தால் "பெண்களுக்கு இவ்வளவு வேகம் போதும்" என்று ஆகிவிடாதா?

பதில்: அந்த ஆபத்து இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கதவு எப்போதும் திறந்தே இருந்ததுபோல் பேசாதீர்கள். 1962-இல் பெரில் ஸ்வெய்ன் என்ற பெண், ஐல் ஆஃப் மேன் தீவின் சாலைகளில் நடக்கும் டிடி பந்தயத்தில் 50 சிசி ரேஸ் ஓட்டினார், அங்கே தனி ஓட்டுநராக ஓட்டிய முதல் பெண். அதன் பிறகு அவருடைய சர்வதேச லைசென்ஸைப் பறித்துவிட்டார்கள். அடுத்த பெண் தனி ஓட்டுநர் அந்த ரேஸுக்கு வர 1978 ஆயிற்று. பைக்குக்குத் தெரியாதுதான், லைசென்ஸ் கொடுப்பவருக்குத் தெரிந்திருந்ததே!

என் வழி இதுதான். இரண்டிலும் ஓட்டுங்கள். முதல் சீசன் பெண்கள் ரேஸ் நல்லது. முப்பது பேர் நடுவில் ஒருத்தியாக நிற்கும்போது நீங்கள் செய்யும் ஒவ்வொரு தவறும் "பெண் ஓட்டுகிறாள்" என்று ஆகும். எல்லோரும் பெண்கள் என்றால் அது வெறும் தவறு, திருத்திக்கொள்ளலாம். ஆனால் பிட் சுவரில் ஒட்டும் இலக்கு லேப் டைம் கலப்பு ரேஸின் வேகமான நேரமாக இருக்கட்டும்.

மூன்றாம்கியர்: கலப்பு ரேஸில் ஓட்டிப் பாருங்கள் தெரியும். முந்திவிட்டால் வேண்டுமென்றே இடிக்கிறார்கள். நேர்கோடு சார் வந்து ஒரு நாள் எங்கள் பிட்டில் நிற்கட்டும்.

பதில்: நடக்கிறது, நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் உள்பக்கம் மூக்கை நுழைத்து இறுக்கமாக முந்துவது வேறு, இடிப்பது வேறு. முதலாவதை நீங்களும் கற்றுக்கொள்ள வேண்டும். இரண்டாவதற்கு, விதி அனுமதித்தால் கேமரா பொருத்துங்கள். புகாரை வாயால் சொல்லாமல், அன்றைக்கே கால அவகாசத்துக்குள் எழுத்தில் ரேஸ் அதிகாரியிடம் கொடுங்கள்.

நேர்கோடு: அப்படியானால் உடல் வலு வித்தியாசம்?

பதில்: எடை குறைவு ஆக்ஸிலரேஷனில் லாபம். அதனால்தான் மோட்டோ3-இல் பைக்கும் ஓட்டுநரும் சேர்ந்து குறைந்தது 152 கிலோ இருக்க வேண்டும் என்று விதி. கனமான பைக்கை இடம் வலம் மாற்றிச் சாய்க்கத் தோள், இடுப்பு, தொடை வலு வேண்டும், அது பயிற்சியில் வரும். தம்பி, இதோடு போதும். மற்றவர்களும் காத்திருக்கிறார்கள்.

ஸ்பானர்செட்: மெக்கானிக்கும் பெண்ணாகத்தான் இருக்க வேண்டுமா? முதல் தொழில்நுட்பச் சோதனையில் என்ன பார்ப்பார்கள்?

பதில்: போல்ட்டை முடுக்கியபின் பெயிண்ட் கோடு போட்டு, மறுபடியும் சரிபார்க்கும் ஆள் வேண்டும். அது பெண்ணாகக் கிடைத்தால் சந்தோஷம்.

சோதனையில் பொதுவாக மாட்டிக்கொள்வது: ஆயில் டிரெயின் போல்ட், ஆயில் ஃபில்டர், பிரேக் காலிப்பர் போல்ட்டுகளுக்குக் கம்பி கட்டாதது, எஞ்சின் சிதறினால் ஆயிலைத் தாங்கும் அடித்தட்டு இல்லாதது, பிரேக் லீவர் காப்பு இல்லாதது, ரேடியேட்டரில் பச்சைக் கூலன்ட் இருப்பது. அது டிராக்கில் கொட்டினால் வழுக்கும், கழுவினாலும் லேசில் போகாது. அதனால் வெறும் தண்ணீர்தான். ஸ்டாண்ட், கண்ணாடி, விளக்குகளைக் கழற்றிவிடுங்கள். விழுந்தால் உடனே மாட்ட லீவர்கள், ஹேண்டில் கம்பி, ஃபுட்ரெஸ்ட், கியர் லீவர் ஒரு செட் கையில் இருக்கட்டும். செலவு யாருடையது என்று... எழுதிவிட்டீர்கள்தானே?

டபுள்சைலன்சர்: 600 சிசி எடுக்கலாமா, 400 போதுமா?

பதில்: மேலே இருக்கிறது.

ரேஸ்ராணி: எங்களுக்கு எந்த பைக்...

பதில்: மேலே. இரண்டு முறை இருக்கிறது.

கொடிமரம்: கொடிகள் குழப்புகின்றன.

பதில்: மஞ்சள் அசைந்தால் முந்தக் கூடாது. சிவப்பு என்றால் ரேஸ் நின்றது, மெதுவாகப் பிட்டுக்கு. மஞ்சள் சிவப்புப் பட்டை என்றால் முன்னால் தரை வழுக்கும். கறுப்பில் ஆரஞ்சு வட்டமும் உங்கள் எண்ணும் சேர்ந்து வந்தால் உங்கள் பைக்கில் பழுது, மற்றவர் பாதையை விட்டு உடனே வெளியேறுங்கள். மீதியை விதிப்புத்தகத்தில் படித்துக்கொள்ளுங்கள்.

ஒருஅப்பா: மகளுக்கு வயது 11. ரேஸ் ஓட்ட ஆசைப்படுகிறாள். உங்களைப் போன்ற அணிகளில் சேர்ப்பார்களா?

பதில்: இப்போது அணி வேண்டாம். கார்ட் டிராக்கில் மினி பைக் ஓட்டட்டும். வேகம் குறைவு, விழுந்தாலும் பெரும்பாலும் எழுந்து துடைத்துக்கொண்டு போகலாம். பெரிய ரேஸர்களும் பயிற்சிக்கு அதைத்தான் ஓட்டுகிறார்கள். முதல் சில மாதம் ஸ்டாப்வாட்ச்சை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். ஹெல்மெட் அளவை ஒவ்வொரு சீசனும் பாருங்கள். வளரும் பிள்ளை என்று ஒரு சைஸ் பெரிதாக வாங்குவது பள்ளிச் சீருடைக்குச் சரி, ஹெல்மெட்டுக்கு ஆகாது.