இரட்டை இன்ஃபினிட்டிவ் எங்கே வரும்?

கேள்வி: ஜெர்மன் மொழியில் 'அவர் வர விரும்பினார்' என்பதைப் பெர்ஃபெக்ட் காலத்தில் (முடிந்த செயலைத் துணைவினையோடு சொல்லும் இறந்தகாலம்) எழுதும்போது, 'கெவொல்ட்' என்னும் இறந்தகால வடிவத்தை ஆசிரியர் ஏன் தவறு என்கிறார்?

பதில்: வொல்லென் (விரும்பு), கொன்னென் (இயலும்), முஸ்ஸென் (வேண்டும்) போன்ற துணைவினைகள் இன்னொரு வினையைத் தாங்கி நிற்கும்போது, பெர்ஃபெக்ட் காலத்தில் தம் இறந்தகால வடிவத்தை விட்டுவிட்டு இன்ஃபினிட்டிவாகவே (காலம் காட்டாத அடிப்படை வடிவமாகவே) நிற்கின்றன, ஆகவே 'ஏர் ஹாட் கெஸ்டர்ன் கொம்மென் வொல்லென்' (அவர் நேற்று வர விரும்பினார்) என்பதே சரி. துணைவினை தனித்து முதன்மை வினையாக வந்தால் மட்டும், 'ஏர் ஹாட் எஸ் கெவொல்ட்' (அவர் அதை விரும்பினார்) என்று எழுதலாம். லாஸ்ஸென் (செய்யவிடு) வினையும் பெரும்பாலும் இவ்வாறே நடக்கும். ஹெல்ஃபென் (உதவு) வினைக்கோ இரு வடிவமும் ஏற்புடையவை.

உண்மையான சிக்கல் துணை வாக்கியத்தில்தான் உள்ளது. அங்கே வழக்கமாகக் கடைசிக்குச் செல்லும் ஹாபென் வினை (மேலே 'ஹாட்' என வந்தது), இரண்டு இன்ஃபினிட்டிவ்களுக்கும் முன்னால் வந்து நிற்கும்: 'வைல் ஏர் கெஸ்டர்ன் ஹாட் கொம்மென் வொல்லென்' (அவர் நேற்று வர விரும்பியதால்). தேர்வில் பலர் மதிப்பெண் இழக்கும் இடம் இதுவே என்பது என் கருத்து. பேச்சிலோ ஜெர்மானியர்கள் பெரும்பாலும் 'ஏர் வொல்டெ கொம்மென்' என்று எளிய இறந்தகாலத்தில் முடித்துவிடுகிறார்கள்.